நொத்தாரிசும் இரண்டு நாட்டுச் சட்டமும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் இந்திய அரசியல் சட்டத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் ஒரே ஒருவர்தான். அவர் இந்தியர் இல்லை.

சும்மா சொல்லவில்லை, எனக்குத் தெரிந்து சொல்கிறேன். இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்களில் அங்கே ஒரு ரோலிங் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தேன். காலை சைரனுக்கு முன்னால் கேட்டைத் தாண்டும் ஒவ்வொரு தலையையும் நோட்டில் ஏற்றுவது என் உத்தியோகம். பட்டம் வாங்கிய மேனேஜரும் இன்ஜினீயர்களும் அந்தத் தலைகளில் உண்டு. அவர்களில் ஒருவரும் அந்தப் புத்தகத்தைத் தொட்டதில்லை. தொட்டவர், தொட்டதோடு விடாமல் ஓரத்தில் பென்சிலால் குறிப்பு எழுதியவர், மில்லுக்கு ரெட் ஆக்சைடு அடிக்க வந்த பெயின்டர்.

பழவேற்காட்டுக் காதர் பாய்தான் எங்களுக்குப் பெயின்டிங் கான்ட்ராக்டர். ஒருநாள் காலை பக்கத்திலிருந்த இலங்கை அகதி முகாமிலிருந்து நாலு பேரைக் கூட்டிவந்து என் முன்னால் நிறுத்தினார். மூன்று பேர் இளவட்டம். நாலாமவருக்கு ஐம்பது இருக்கும். ஒல்லி. மூக்குக்கண்ணாடி. பெயின்ட் அடிக்க வந்தவர் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தார். பாய் அவரிடம் கேட்டார்.

"உங்க ஊர்ல இன்னா வேலை பாத்துக்கினு இருந்தே?"

"நொத்தாரிசு கந்தோரில எழுத்து வேலை. சாவகச்சேரியில. பதினேழு வருஷம்."

பாய் என்னைப் பார்த்தார். "நோட்டீஸ் ஒட்ற வேலைங்குறாரு. பசை வாளி புடிச்ச கை, பெயின்ட் வாளியும் புடிக்கும். எழுதிக்க சார்."

நொத்தாரிசு என்றால் பத்திரம் எழுதிப் பதிகிற நோட்டரி, கந்தோர் என்றால் ஆபீஸ் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிய ஒரு மாதம் ஆனது. அதற்குள் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. என் நோட்டில் வேறு பெயர் இருந்தது. மில்லில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நொத்தாரிசு எங்கே, நொத்தாரிசு சாப்பிட்டாச்சா, நொத்தாரிசு ஏணியை விட்டு இறங்கலாம், அவ்வளவுதான்.

அவருக்கு இருந்த வியாதி ஒன்றே ஒன்று. இந்த நாட்டில் எதைப் பார்த்தாலும், அந்த நாட்டில் அதற்கு என்ன சட்டம் என்று ஞாபகம் வந்துவிடும். வந்தால் சொல்லாமல் இருக்க முடியாது.

முதல் வாரமே கிரேன் டிரைவர் முனிரத்தினம் மாட்டினான். ஆரம்பாக்கத்துக்காரன். மில்லில் கிரேன் ஓட்டுவான், ஊரில் சொந்தமாகக் கொஞ்சம் நெல் வயல். யாரையோ திட்டும்போது, "அவன் சரியான ஃபோர் ட்வென்ட்டி நைனா" என்றான். சாரத்தின் மேலிருந்து பிரஷை நிறுத்திவிட்டுக் குரல் வந்தது.

"எங்கட நாட்டிலை அவன் நானூற்று மூண்டு."

"இன்னாது?"

"ஏமாத்துறதுக்கு இஞ்சை நானூற்று இருபதாம் பிரிவு. அங்கை நானூற்று மூண்டு. ரெண்டையும் எழுதினது வெள்ளைக்காரன்தான். கொலைக்கு இஞ்சை முந்நூற்று ரெண்டு. அங்கை இருநூற்றுத் தொண்ணூற்றாறு."

முனிரத்தினம் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "அப்ப உங்க ஊர்ல ஆறு கம்மி."

"ஓம். சட்டப் புத்தகத்திலை மட்டும்தான் கம்மி," என்று சொல்லிவிட்டு நொத்தாரிசு பிரஷை ரெட் ஆக்சைடில் தோய்த்தார்.

அரசியல் சட்டப் புத்தகம் அவருக்குக் கிடைத்தது திருவள்ளூரில். ஏதோ மனு கொடுக்க அனுமதி வாங்கிக்கொண்டு போனவர், பஸ் ஸ்டாண்டு பக்கம் பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்ததை எடுத்துவந்தார். தமிழ்ப் பதிப்பு. அட்டை கிடையாது. பாலிதீன் கவரில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் தூக்குச்சட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். மத்தியானம் கேட்டுக்கு வெளியே குப்பம்மாவின் நாஷ்டாக் கடை நிழலில் உட்கார்ந்து படிப்பார். குப்பம்மா முனிரத்தினத்தின் பெண்டாட்டி. தள்ளுவண்டிதான் கடை.

அந்தப் புத்தகத்தில் ஷரத்துக்கு 'உறுப்பு' என்று போட்டிருந்தது பெரிய பேஜாராகப் போயிற்று. "இருபத்தோராம் உறுப்பு எனக்கும் உண்டு தம்பி" என்று அவர் என்னிடம் உணர்ச்சியோடு சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்ட ஃபர்னஸ் ஆட்கள், அது உடம்பில் எந்த இடம் என்று ஒரு வாரம் விவாதித்தார்கள். ஒருத்தன் நேரிலேயே கேட்டுவிட்டான். நொத்தாரிசுக்குக் கோபம் வரவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"பத்தொன்பதாம் உறுப்பிலை 'குடிமக்கள்' எண்டு எழுதியிருக்கு. நினைச்ச இடத்துக்குப் போகலாம், நினைச்சதைக் கதைக்கலாம். அது உங்கட. நான் அதுக்குள்ளை வரேலாது. ஆனால் இருபத்தொண்டிலை 'எவரும்' எண்டு எழுதியிருக்கு. எவருடைய உயிரையும் சட்டம் இல்லாமல் எடுக்கேலாது. அந்த 'எவரும்' எண்ட சொல்லுக்குள்ளைதான் நான் குடியிருக்கிறன்."

கேட்டவன் டீ கிளாஸை வைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். "எடம் போதுமா நைனா?" என்றான்.

"முகாம் அறையை விடப் பெரிசு," என்றார் நொத்தாரிசு.

குப்பம்மாவுக்கு இந்தப் பேச்சில் ருசி தட்டிவிட்டது. தினம் ஒரு சந்தேகம் கேட்பாள். கலியாணமான பெண்ணின் சொத்துக்கு அங்கே என்ன சட்டம் என்று கேட்ட அன்று, அவர் இட்லியை மறந்துவிட்டு யாழ்ப்பாணத்துத் தேசவழமையை ஒரு மணி நேரம் பாடமெடுத்தார். பரம்பரையாக வந்தது முதுசம். பெண்ணுக்குக் கொடுத்தது சீதனம், அது அவளுடையது. கட்டிய பிறகு இரண்டு பேருமாகச் சேர்த்தது தேடிய தேட்டம், அதில் பாதி அவளுக்கு. குப்பம்மா கரண்டியோடு புருஷன் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கினியா? நம்ம ஊட்ல நீ தேடுன தேட்டம் இன்னா கீது சொல்லு. ஒயின் ஷாப்பு வாசல்ல ரெண்டு செருப்பு தொலைச்சிட்டு வந்ததுதான். அதுல பாதி எனுக்கு வாணாம்."

மேனேஜரிடம் நொத்தாரிசு மோதியது பௌர்ணமியால். இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் அரசாங்க விடுமுறை. போயா என்பார்கள். மில்லுக்கு வந்த இரண்டாவது மாதமே பௌர்ணமியன்று அவர் வரவில்லை. மறுநாள் முத்து முத்தான கையெழுத்தில் கடிதம் கொடுத்தார்: 'நேற்றையதினம் பூரணை விடுமுறை ஆகையால் கடமைக்குச் சமுகமளிக்கவில்லை என்பதை இத்தால் அறியத்தருகிறேன்.'

மேனேஜர் அதை இரண்டு தடவை படித்தார். "இங்க பௌர்ணமிக்கு யார்யா லீவு குடுத்தா?"

"இஞ்சை இல்லை ஐயா. ஆனால் நான் அந்த நாட்டுப் பிரசை. என்ட நாட்டுச் சட்டம் என்னோடதானே வரும். பதிலுக்கு ஆகஸ்ட் பதினைஞ்சு நான் வேலை செய்யிறன்."

"அன்னிக்கு மில்லே மூடியிருக்கும்."

"அது உங்கட சௌகரியம்," என்றார் நொத்தாரிசு.

கடைசிவரை மேனேஜர் சம்மதிக்கவும் இல்லை, நொத்தாரிசு பௌர்ணமியன்று வரவும் இல்லை. காலண்டரைப் பார்க்காமலே எனக்குப் பௌர்ணமி தெரிந்துவிடும். பெயின்டர் வரிசையில் ஒரு ஆள் குறைவார்.

சும்மா வாதம் செய்துகொண்டிருந்த மனிதர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான நேரம் அவர் கனவில் இருந்தார். சாயங்காலம் ஷிப்ட் முடிகிற நேரம், கிரேன் ஓடுகிற உத்தரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே பழுத்த இரும்புக் கட்டிகள் உருளைகளுக்குள் நுழைந்து சிவப்பு நாடாவாக நீண்டு ஓடும். கூரைத் தகரத்தில் ஒரு விடுபட்ட இடைவெளி உண்டு. அதன் வழியாகப் பழவேற்காட்டுப் பக்கமிருந்து காற்று வரும். இருப்பதிலேயே நல்ல காற்று மில்லில் அந்த ஓரிடத்தில்தான். சம்பந்தமில்லாத சாக்குகளைச் சொல்லிக்கொண்டு நானும் ஏறிப்போய் அவர் பக்கத்தில் உட்காருவேன்.

"அங்கை அடையாள அட்டை இல்லாமல் பாண் ரொட்டி வாங்கக்கூடப் போகேலாது தம்பி," என்பார், பாதிக் கண்ணை மூடிக்கொண்டு. "சந்திக்குச் சந்தி மறிப்பாங்கள். இஞ்சை பாருங்கோ, ஆரம்பாக்கத்திலையிருந்து சென்னை வரைக்கும் ரயிலிலை போகலாம், நீ ஆர் எண்டு ஒருத்தன் கேக்கமாட்டான். எவ்வளவு பெரிய விசயம். ஆனால் அங்கை நான் எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தாலும் கேக்கிறது என்ட மனுசி மட்டும்தான். இஞ்சை ஆறு மணிக்குள்ளை முகாமுக்கை நிக்கவேணும்."

பிறகு மூன்றாவது நாட்டைப் பற்றிப் பேசுவார். அது அவரே கட்டிக்கொண்டிருந்த நாடு. இரண்டு நாட்டுச் சட்டத்திலும் நல்லதை மட்டும் எடுத்து அதற்கு வைத்திருந்தார். அங்கே பௌர்ணமிக்கு விடுமுறை. ரயிலில் அட்டை கேட்கமாட்டார்கள். பெண்ணின் நிலம் பெண்ணுக்கு. இரவில் கதவைத் தட்ட யாருக்கும் அதிகாரம் கிடையாது. அந்த நாட்டுக்கு எல்லை எங்கே என்று ஒருநாள் கேட்டேன். கீழே சிவப்பு நாடா ஓடி ஓடிக் கறுத்தது.

"கடல் இருக்கவேணும்," என்றார். "மிச்சத்தை இன்னும் எழுதேல்லை."

முனிரத்தினம் விவகாரம் வந்தது ஒரு நடவு சமயத்தில். கிரேனுக்குப் போகும் தாமிரக் கேபிள் ஒரு முழுச் சுருள் காணாமல் போய்விட்டது. மேனேஜர் போலீசில் புகார் கொடுத்தார். கிரேன் டிரைவர்கள் பெயரையும் கொடுத்தார். வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முனிரத்தினத்தை ஊரில் வைத்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எந்த ஸ்டேஷன் என்று எழுதப்போவதில்லை.

கேபிள் காணாமல் போனதற்கு முன்னும் பின்னுமாக மூன்று நாள் முனிரத்தினம் மில் பக்கமே வரவில்லை. எங்களிடம் ஜுரம் என்று சொல்லிவிட்டு ஆரம்பாக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தான். என் நோட்டில், என் கையெழுத்தில், அவன் பெயருக்கு நேரே மூன்று 'ஆப்சென்ட்' வரிசையாக இருந்தது. கேட்டைத் தாண்டாதவன் கேபிளை எப்படித் தூக்குவான். இதை நான் மேனேஜரிடம் சொன்னேன். "போலீஸ் பாத்துக்கும். நீ இதுல தலையிடாதே. நோட்டை உள்ள வை" என்றார். நான் நோட்டை உள்ளே வைத்தேன். இதை எழுத எனக்கு இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் குப்பம்மா கேட்டுக்கு வந்தாள். தள்ளுவண்டி இல்லாமல் அவளைப் பார்த்தது அன்றுதான். ராத்திரி பூரா ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"கண்ணுலயே காட்ட மாட்டேங்குறாங்க சார். கேஸும் போடல, உடவும் இல்ல. நொத்தாரிசு அண்ணன் எங்க? அவருதான சொல்லுவாரு, ஒரு நாளைக்கு மேல வச்சிக்கக் கூடாதுன்னு."

நொத்தாரிசு அன்று லீவு. முகாமில் செக்கிங் நாள். அதிகாரி வந்து ஒவ்வொரு குடும்பமாகக் கூப்பிட்டுத் தலை பார்ப்பார். ஆள் நேரில் நிற்காவிட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். பெயர் போனால் அரிசி போகும், அறை போகும், அதற்குமேல் என்னவெல்லாம் போகும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. அதனால்தான் அத்தனை பயம். சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லி நான் குப்பம்மாவோடு முகாமுக்குப் போனேன்.

நொத்தாரிசு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். முன்னால் இருபது பேர் இருந்திருப்பார்கள். பக்கத்தில் அவர் மனைவி குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். குப்பம்மா சொன்னதை நொத்தாரிசு குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் குறுக்கே பேசாமல் கேட்டதும் அன்றுதான்.

"எத்தினை மணிக்குக் கொண்டு போனவை?"

"ஒம்போதரைக்கு. நேத்து."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் என்னிடம் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசியதில்லை. "ரெண்டு நாட்டுச் சட்டமும் இவருக்கு, வீட்டுச் சட்டம் எனக்கு" என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அட்டையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போயிட்டு வாங்கோ. நான் நிக்கிறன். என்ட பேராவது இருக்கட்டும்."

நொத்தாரிசு அறைக்குப் போய் வெள்ளைச் சட்டை மாற்றி, பாலிதீன் கவரோடு வந்தார். ஸ்டேஷன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டார். கோயிலா இது என்று கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் படியேறிவிட்டார். கேட்கவில்லை.

உள்ளே எஸ்.ஐ. டீ குடித்துக்கொண்டிருந்தார். நொத்தாரிசு கைகூப்பினார்.

"ஐயா, முனிரத்தினம் எண்டவரை நேற்றுக் காலமை ஒன்பதரைக்குக் கொண்டு வந்தியள். இப்ப மணி ரெண்டே முக்கால். இருபத்திரண்டாம் உறுப்பின்படி இருபத்துநாலு மணித்தியாலத்துக்கை நீதவானுக்கு முன்னாலை நிறுத்தியிருக்க வேணும்."

எஸ்.ஐ. அவரை மேலிருந்து கீழே பார்த்தார். வெள்ளைச் சட்டை, விரல் நகத்தில் ரெட் ஆக்சைடு. "வக்கீலா?"

"இல்லை ஐயா. பெயின்டர்."

"பேச்சு ஒரு மாதிரி இருக்கே. எந்த ஊரு?"

"சாவகச்சேரி. இப்ப முகாமிலை."

எஸ்.ஐ. டீயைக் கீழே வைத்தார். "உன்னை இங்க வச்சுச் சோறு போடறதே பெரிசு. எங்க நாட்டுச் சட்டம் உனக்கு எதுக்குய்யா?"

போய்விடலாம் என்று நொத்தாரிசின் சட்டை நுனியை இழுத்தேன். அவர் புத்தகத்தைப் பிரித்தார். பக்கம் தேடவேயில்லை, அதுவாக அந்த இடத்தில் திறந்தது.

"பத்தொன்பதாம் உறுப்பைப் பற்றி நான் வாயே திறக்கேல்லை ஐயா. அது குடிமக்களுக்கு. இதிலை அப்பிடிப் போடேல்லை. கைது செய்யப்பட்ட எவரையும் எண்டுதான் இருக்கு. அவருக்காகத்தான் கேக்கிறன், எனக்காக இல்லை. எங்கட நாட்டிலையும் இந்தச் சட்டம் இருந்தது. பிறகு அவசரகாலம் எண்டு சொல்லி இருபத்துநாலு மணித்தியாலத்தைத் தூக்கி ஒரு பக்கம் வைச்சினம். என்ட தம்பியைக் கொண்டு போச்சினம். எங்கை போய்க் கேக்கிறது எண்டு தெரியேல்லை. இஞ்சை கேக்கிறதுக்கு ஒரு மேசை இருக்கு ஐயா. அதுதான் வந்தனான்."

மூலையில் எழுதிக்கொண்டிருந்த வயதான ஏட்டு எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். நொத்தாரிசு உட்காரவில்லை. என்னைக் கையால் முன்னே தள்ளினார்.

"இவர்தான் மில்லிலை வரவு எழுதுறவர். இந்த நாட்டுக் குடிமகன். இவருக்குப் பத்தொன்பதாம் உறுப்பும் இருக்கு. கேளுங்கோ."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாழ்க்கையில் அரசியல் சட்டம் என்னை நேராகத் தொட்டது அந்த நிமிஷம்தான். சொன்னேன். மூன்று நாள் ஆப்சென்ட், என் கையெழுத்து, நோட்டு மில்லில் இருக்கிறது, மேனேஜருக்கும் தெரியும். எஸ்.ஐ. மில்லுக்குப் போன் போட்டார். மறுமுனையில் மேனேஜர் இருமுவது இங்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் நோட்டு வந்தது.

ஐந்து மணிக்கு முனிரத்தினம் வெளியே வந்தான். கன்னம் வீங்கியிருந்தது. குப்பம்மாவைப் பார்த்துக் கேட்ட முதல் வார்த்தை, "நாத்து மிச்சம் கீதே, யார் நட்டா?" அவள் அழுதுகொண்டே அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

கேபிள் திங்கட்கிழமை கிடைத்தது. எலக்ட்ரீஷியன் பழுதுபார்க்க எடுத்துப்போய் பழைய பேனலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, அக்கா கலியாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தான்.

ஆனால் அன்று நாங்கள் முகாமுக்குத் திரும்பியபோது அதிகாரி போய்விட்டிருந்தார். நொத்தாரிசின் மனைவி அட்டையைக் காட்டினார். கணவர் பெயர் மேல் ஒரு சிவப்புக் கோடு. நேராக, அளந்து போட்டது போல இருந்தது. நொத்தாரிசு அதை விரலால் தடவிப் பார்த்தார். "கோடு வடிவாய்த்தான் போட்டிருக்கினம்," என்றார்.

அடுத்து வந்த மனு நாளன்று ஒரு கூட்டமே கிளம்பியது. காதர் பாய், முனிரத்தினம், குப்பம்மா, நான், யாரும் கூப்பிடாமலே வந்த மேனேஜர். அவருக்கு மனசு உறுத்தியிருக்க வேண்டும். மில் லெட்டர்ஹெட்டில், 'மேற்படி நபர் அன்று அவசரப் பணிக்காக மில்லில் இருந்தார்' என்று எழுதிச் சீலும் குத்திக் கொண்டுவந்தார். அவர் சுபாவத்துக்கு அது மகத்தான தியாகம். நொத்தாரிசு வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது பிழை ஐயா. அண்டைக்கு நான் லீவு."

"உனக்காகத்தான்யா எழுதினேன்."

"பதினேழு வருஷம் நொத்தாரிசு கந்தோரிலை இருந்தனான். ஒரு பொய் உறுதிப் பத்திரத்துக்குச் சாட்சி வைச்சதில்லை. நானே எழுதியிருக்கிறன்."

அவர் எழுதியிருந்த மனுவைப் பாய் வாங்கிப் பார்த்தார். 'காவல் நிலையத்தில் சட்டம் கேட்கும்பொருட்டுச் சென்றிருந்தபடியால் சமுகமளிக்க இயலாது போயிற்று.' பாய் தலையில் கைவைத்துக்கொண்டார். "யா அல்லா. இத்த படிச்சா உள்ள வச்சிருவாங்க. கொஞ்சம் மாத்தி எழுது நொத்தாரிசு. ஜுரம்னு எழுது. முனிரத்தினம் எப்பவும் அதான எழுதுறான்."

அவர் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. எந்த அலுவலகம் என்பதையும் நான் சொல்லப்போவதில்லை. காலையிலிருந்து சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை நின்றோம். வரிசை நகர்ந்தது. அதிகாரி மனுவை வாங்கினார். அவர் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. ஓரத்தில் ஒரு கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளினார். பெயர் மறுபடி ஏறிவிட்டது.

நாங்கள் சந்தோஷமாக வெளியே வந்து டீக்கடை தேடினோம். நொத்தாரிசின் முகம் மட்டும் விழுந்திருந்தது.

"வாசிக்காமலே ஒப்பம் வைக்கிறார் தம்பி."

"நல்லதாப் போச்சுங்க."

"எங்கட நாட்டிலையும் இப்பிடித்தான்." பெருமூச்சு விட்டார். "இதிலை மட்டும் ரெண்டு நாடும் சமன்."

இலங்கையில் சண்டை நிறுத்தம் வந்தது. முகாமில் சிலர் திரும்பிப்போகத் தொடங்கினார்கள். அவர் கடைசிவரை போவாரா மாட்டாரா என்று தெரியவில்லை. நிலம் மனைவியின் சீதனம், ஆகவே முடிவும் மனைவியுடையது என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் உத்தரத்தில் உட்கார்ந்திருந்தபோது, "மனுசி போவம் எண்டிட்டா" என்றார்.

அங்கே வீடு இருக்கிறதா என்று கேட்டேன். சுவர் இருக்கலாம் என்றார். மறுபடி சண்டை வந்தால் என்று கேட்டேன். கீழே ஓடுகிற இரும்பைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்கட புத்தகத்திலை உயிருக்கு உரிமை எண்டு ஒரு உறுப்பு இருக்கு. எங்கட புத்தகத்திலை தேடித் தேடிப் பாத்தன், அப்பிடி ஒண்டு தனியாய் இல்லை. ஆனால் எங்கடையிலை ஒண்டு இருக்கு தம்பி, உங்கடையிலை இல்லை. ஒவ்வொரு பிரசைக்கும் நாட்டுக்குத் திரும்பி வாற சுதந்திரம் உண்டு எண்டு எழுதி வைச்சிருக்கினம். ஆர் எழுதினவனோ தெரியாது. திரும்பி வாறதும் ஒரு சுதந்திரம் எண்டு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

காற்று வந்தது.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்கு வழியனுப்ப மில்லில் பாதி வந்திருந்தது. குப்பம்மா கட்டுச்சோறு கொண்டுவந்திருந்தாள். முனிரத்தினம் புது நெல்லில் ஒரு சின்ன மூட்டை கட்டிவந்து, அதை விமானத்தில் ஏற்ற விடுவார்களா, அதற்கு என்ன சட்டம் என்று கேட்டான். நொத்தாரிசு விதைக்கு ஒரு சட்டம், சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் என்று இரண்டு நாட்டு விதிகளையும் சொல்ல ஆரம்பித்தார். முடிப்பதற்குள் வண்டி வந்துவிட்டது.

ஒரு வருஷம் கழித்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. சாவகச்சேரியில் நீதிமன்றத்துக்கு எதிரே ஒரு மேசை போட்டு மனு எழுதிக்கொடுக்கிறாராம். எதற்கெடுத்தாலும் 'கும்மிடிப்பூண்டியில் இப்படி இல்லை' என்று சொல்லிச் சொல்லி, அங்கே அவருக்குக் கும்மிடிப்பூண்டியார் என்று பெயர் வைத்துவிட்டார்களாம். 'இதனால் மனத்தாங்கல் ஏதுமில்லை என்பதை அறியத்தருகிறேன்' என்று முடித்திருந்தார். அப்புறம் சண்டை திரும்ப வந்தது. கடிதம் நின்றுபோயிற்று. நான் போட்டதற்கும் பதில் இல்லை. பேப்பரில் அந்த ஊர்ப் பெயர் வரும் நாட்களில் பக்கத்தைப் புரட்டிவிடுவேன்.

சண்டை முடிந்த வருஷக் கடைசியில் ஒரு சாயங்காலம். சென்னையிலிருந்து ரயிலில் கும்மிடிப்பூண்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மொபைல் அடித்தது. காதர் பாயின் நம்பர் மட்டும் மாறவில்லை, உங்கள் நம்பரை அவரிடம் வாங்கினேன் என்றது ஒரு குரல். இளைத்த குரல். மனுசி சுகம், வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, முனிரத்தினம் எப்படி, குப்பம்மா எப்படி, மேனேஜர் ஐயா இருக்கிறாரா. பிறகு தொலைபேசிக் கட்டணத்துக்கு இரண்டு நாட்டிலும் என்ன விதி என்று தொடங்கினார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, ம் ம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

லைன் விட்டுப்போன பிறகு நிமிர்ந்து பார்த்தால் வண்டி ஆரம்பாக்கத்தில் நிற்கிறது. நான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போய்விட்டது. திரும்பிப்போகிற வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே வயலில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் லேட்டாக வந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.